அச்சகத்துக்காகப் பிறந்த சபை

1860 செப்டம்பர் கடைசியில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்ற ஊரில் சிலர் கூடினார்கள். ஓர் அச்சகத்தை யார் பெயரில் பதிவுசெய்வது என்பதுதான் அவர்களுடைய கவலை. கூடியவர்களுக்கு முறையான சபை கிடையாது, சொல்லிக்கொள்ள ஒரு பெயரும் கிடையாது. கிறிஸ்து விரைவில் திரும்பி வருவார், வேதாகமம் சொல்லும் ஓய்வுநாள் ஞாயிறு அல்ல சனிதான் என்ற இரண்டு நம்பிக்கைகள் அவர்களைப் பிணைத்திருந்தன. அச்சகம் மட்டும் கையில் இருந்தது. அது ஜேம்ஸ் ஒயிட் என்ற போதகரின் சொந்தப் பெயரில் இருந்தது. நாளைக்கு அவர் இறந்துபோனால் அது அவருடைய வாரிசுகளின் சொத்தாகிவிடும். பலபேர் காசு போட்டு வாங்கிய இயந்திரம் தன் பெயரில் இருக்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றவரும் அவரேதான்.

சட்டப்படி சொத்து வைத்திருக்க ஓர் அமைப்பு வேண்டும், அமைப்புக்கு ஒரு பெயர் வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. இவர்களில் பலர் பழைய சபைகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள். பெயர் வைத்து, சட்டதிட்டம் எழுதி, அரசாங்கத்தில் பதிவு செய்துகொண்டால் தாங்களும் அந்தப் பழைய சபைகளைப் போலச் சீர்கெட்ட ‘பாபிலோனாக’ ஆகிவிடுவோம் என்று அஞ்சினார்கள். ராஸ்வெல் காட்ரெல் என்ற போதகர் இதைப் பத்திரிகையிலேயே எழுதி எதிர்த்தார். வாதம் நீண்டது. கடைசியில் ‘ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள்’ என்ற பெயர் முடிவாயிற்று. 1861 மே 3 அன்று பதிப்புச் சங்கம் பதிவானது. அதற்கும் இரண்டு ஆண்டு கழித்து, 1863 மே 21 அன்றுதான் பொது மாநாடு என்ற தலைமை அமைப்பு உருவாயிற்று. அன்றைய கணக்கு: 125 சபைகள், சுமார் 3,500 அங்கத்தினர்கள்.

பெரும்பாலான மதச் சபைகளின் வரலாற்றில் சபை முதலில் வரும், அச்சகம் பின்னால் வரும். இங்கே வரிசை தலைகீழ். இன்று இரண்டு கோடிக்கு மேல் அங்கத்தினர்களைக் கொண்ட ஓர் உலக சபை, தன் அச்சகத்தைக் காப்பாற்றுவதற்காகவே பெயர் சூட்டிக்கொண்டது.

இந்த அச்சுப் பித்து எங்கிருந்து வந்தது என்று பார்க்க வில்லியம் மில்லரிடம் போக வேண்டும். நியூயார்க் மாநிலத்து விவசாயியான அவர், தானியேல் ஆகமத்தின் கணக்குகளைக் கூட்டிக் கழித்து, கிறிஸ்துவின் வருகை 1843, 1844 வாக்கில் நிகழும் என்று அறிவித்தார். அவர் சொன்னது கிராமங்களோடு நின்றுபோயிருக்கும். ஜோஷுவா ஹைம்ஸ் என்ற பாஸ்டன் போதகர் 1840இல் அவருக்காக ஒரு பத்திரிகையைத் தொடங்கியதும் நாடு முழுக்கப் பரவிற்று. கடைசியாகக் குறித்த நாள் 1844 அக்டோபர் 22. அறுவடை செய்யாமல் வயலை அப்படியே விட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் உண்டு. அந்த நாள் விடிந்தது, இருட்டிற்று, மறுநாளும் விடிந்தது. அமெரிக்க மத வரலாற்றில் அதற்குப் பெயரே ‘பெரும் ஏமாற்றம்’.

பெரும்பாலோர் கலைந்தார்கள். ஒரு சிறு கூட்டம் மட்டும் வேதாகமத்தை மறுபடி புரட்டிக்கொண்டிருந்தது. ஓய்வுபெற்ற கப்பல் தலைவர் ஜோசப் பேட்ஸ், பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் ஒயிட், அவர் மணந்துகொண்ட எலன் ஹார்மன் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். எலன் ஒன்பது வயதில் முகத்தில் கல்லடி பட்டு, பள்ளிப் படிப்பையே தொடர முடியாமல் போனவர். தனக்குத் தரிசனங்கள் கிடைப்பதாக அவர் சொன்னதை அந்தக் கூட்டம் நம்பியது. 1848 நவம்பரில் டார்செஸ்டரில், சிறிய பத்திரிகை ஒன்றை அச்சிடும்படியும், அது பின்னாளில் உலகைச் சுற்றும் ஒளியாகும் என்றும் தரிசனம் கண்டதாகக் கணவரிடம் சொன்னார். கணவரிடம் அப்போது காசு இல்லை.

1849 கோடையில் கனெடிகட் மாநிலத்தின் ராக்கி ஹில் கிராமத்தில், ஆல்பர்ட் பெல்டன் என்ற நண்பரின் வீட்டில் அவர்கள் தங்கியிருந்தார்கள். ஜேம்ஸ் அங்கே உட்கார்ந்து ‘தி பிரசென்ட் ட்ரூத்’ இதழை எழுதினார். அச்சகம் இருந்த மிடில்டவுன் எட்டு மைல் தூரம். எழுதியதைக் கொடுக்கவும் மெய்ப்புப் பார்க்கவும் அவ்வளவு தூரமும் நடந்தே போய் வந்தார். அச்சுக்காரர் முன்பணம் கேட்காமல் கடனுக்கு அடித்துக் கொடுத்தார். ஆயிரம் பிரதிகள் வந்து இறங்கின. தாள்களை வீட்டுத் தரையில் பரப்பி மடித்தார்கள். சுற்றி முழங்காலிட்டு ஜெபித்தார்கள். ஒவ்வொன்றிலும் கையால் முகவரி எழுதினார்கள். பிறகு ஜேம்ஸ் அவற்றை ஒரு துணிப்பையில் திணித்துக்கொண்டு அஞ்சலகம் போனார். படித்தவர்களில் சிலர் பணம் அனுப்பியதால் இதழ் தொடர்ந்தது. சந்தா கிடையாது, விலை கிடையாது, கட்டிடம் கிடையாது. ஆனாலும் அந்தத் துணிப்பையிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

1852இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் ஒரு வாடகை வீடு எடுத்துச் சொந்தமாக வாஷிங்டன் கையச்சு இயந்திரத்தை நிறுத்தினார்கள். வேலை செய்தவர்களும் அங்கேயே தங்கினார்கள். ஒன்றோடொன்று பொருந்தாத பழைய நாற்காலிகள், சம்பளம் என்று சொல்ல முடியாத சம்பளம். முதல் துண்டுப்பிரசுரங்கள் அங்கே புத்தகமான விதத்தை ஜான் லப்பரோ என்ற போதகர் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். மடித்த தாள்களில் ஒருவர் குத்தூசியால் துளை போடுவார். பெண்கள் ஊசி நூலால் தைப்பார்கள். ஓரத்தை வெட்டி நேராக்க வெட்டு இயந்திரம் இல்லாததால் யூரையா ஸ்மித் என்ற இளைஞர் தன் பேனாக்கத்தியால் அறுத்தார். கையில் கொப்புளம் கண்டதுதான் மிச்சம். ஓரம் நேராக வந்தபாடில்லை. சிறுவயதில் ஒரு காலை இழந்து மரக்காலோடு நடந்த அந்த ஸ்மித், அடுத்த அரை நூற்றாண்டின் பெரும்பகுதி சபையின் தலைமைப் பத்திரிகையான ‘ரிவ்யூ அண்ட் ஹெரால்ட்’ இதழின் ஆசிரியராக இருந்தார்.

1855இல் அச்சகம் பேட்டில் கிரீக்குக்கு இடம் பெயர்ந்தது. அங்கே அச்சுக்கோர்க்கக் கற்றுக்கொண்ட சிறுவர்களில் ஒருவன் ஜான் ஹார்வி கெல்லாக். பன்னிரண்டு வயதில் ஜேம்ஸ் ஒயிட் அவனை அச்சகத்தில் சேர்த்துக்கொண்டார். காலை உணவுத் தானியங்களால் உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கும் பெயர் அது. அந்தச் சிறுவன் வளர்ந்து மருத்துவராகி, சபையோடு முட்டிக்கொண்ட கதை பின்னால் வருகிறது.

அச்சிடுவது ஒரு வேலை, அதைப் போய்ச்சேர வைப்பது வேறு வேலை. இரண்டாவது வேலையைச் செய்தவர்களின் கதைதான் இந்த வரலாற்றில் மிக வளமான பகுதி. 1869இல் மாசசூசெட்ஸின் சவுத் லான்காஸ்டரில் சில பெண்கள் வாராவாரம் கூடத் தொடங்கினார்கள். தாங்கள் பார்த்தே இராத மனிதர்களுக்குப் பிரசுரங்களை அனுப்புவது, கூடவே ஒரு கடிதம் எழுதுவது, பதில் வந்தால் மறுகடிதம் எழுதுவது என்பது அவர்களுடைய முறை. மேடையேறிப் பேசும் வாய்ப்பு பெண்களுக்கு அரிதாக இருந்த காலத்தில், அஞ்சல்தலை ஒட்டிய உறை அவர்களுடைய பிரசங்க மேடையாயிற்று. அடுத்த ஆண்டுகளில் ஸ்டீபன் ஹாஸ்கெல் இந்த முறையைச் சபை முழுவதற்கும் பரப்பினார். பின்னாளைய வெளிநாட்டு வளர்ச்சிக்கு ஊழியக்காரர்களைவிட இந்தப் பெண்களே முதலில் வழி வெட்டினார்கள் என்று சொல்வது மிகையாகாது.

அடுத்து ஜார்ஜ் கிங். கனடாவிலிருந்து வந்த இவருக்குப் பிரசங்கியாக வேண்டும் என்று ஆசை. தங்கியிருந்த பண்ணைவீட்டின் கூடத்தில் காலி நாற்காலிகளை வைத்துப் பிரசங்கம் பழகினார். ஆள் முன்னால் நிறுத்தினால் பேச்சு வரவில்லை. மேடை வேண்டாம், வீடு வீடாகப் போய் அடுப்பங்கரையில் உட்கார்ந்து பேசுங்கள், கையில் பிரசுரம் கொண்டுபோங்கள் என்று ஆலோசனை சொன்னார்கள். முதல் வாரத்தில் அவர் விற்றது 62 சென்ட். ஆனாலும் அவர் விடவில்லை. தானியேல் ஆகமத்தையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் விளக்கி யூரையா ஸ்மித் எழுதிய நூல்களை ஒரே புத்தகமாக்கி, அவற்றில் வரும் விசித்திர மிருகங்களின் படங்களோடு, நல்ல அட்டை போட்டு அச்சிட்டால் வெளியாரிடமும் விற்க முடியும் என்று தலைவர்களிடம் மன்றாடினார். 1882இல் அந்தப் புத்தகம் வந்தது, விற்றது. புத்தக ஊழியர் என்ற தொழிலே அதிலிருந்துதான் சபைக்குள் வந்தது. கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையில் புத்தகம் விற்றுக் கட்டணம் கட்டும் வழக்கம் பிறகு வளர்ந்தது. முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பழகிய அந்த மாணவர்களில் பலர் போதகர்களாகவும் தலைவர்களாகவும் ஆனார்கள்.

போதகர் போய்ச் சேராத இடத்தில் காகிதம் போய்ச் சேர்ந்த கதைகள் இந்தச் சபையில் ஏராளம். பசிபிக் பெருங்கடலின் பிட்கேர்ன் தீவு அதில் ஒன்று. ‘பவுண்டி’ கப்பலில் கலகம் செய்தவர்களின் வாரிசுகள் வாழும் இத்தீவுக்கு 1876இல் ஜேம்ஸ் ஒயிட்டும் லப்பரோவும் ஒரு பெட்டி நிறையப் பிரசுரங்கள் அனுப்பினார்கள். தீவு மக்கள் பல ஆண்டுகள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பிறகு எடுத்துப் படித்தார்கள். 1886இல் ஜான் டே என்ற கப்பல் தச்சர் அங்கே போய் இறங்கியபோது மண் ஏற்கெனவே பதமாக இருந்தது. தீவே சனிக்கிழமை ஓய்வுநாளுக்கு மாறிற்று. ஞானஸ்நானம் கொடுக்கும் உரிமை தச்சருக்கு இல்லாததால், ஓய்வுநாள் பள்ளிகளில் காணிக்கை திரட்டி ‘பிட்கேர்ன்’ என்றே ஒரு பாய்மரக் கப்பல் கட்டினார்கள். 1890இல் அந்தக் கப்பல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பி, குருமார்களைத் தீவுக்குக் கொண்டு சேர்த்தது.

பிரேசில் கதை இன்னும் விநோதம். பேட்டில் கிரீக்கில் அச்சான ஜெர்மன் மொழிப் பத்திரிகை, 1880களில் தென் பிரேசிலின் புருஸ்கே என்ற ஜெர்மானியக் குடியேற்ற ஊரின் மளிகைக் கடைக்குக் கட்டுக்கட்டாக வரத் தொடங்கிற்று. ஊரைவிட்டு ஓடிய ஓர் இளைஞன் கப்பலில் சந்தித்தவர்களிடம் தன் மாற்றாந்தந்தையின் முகவரியைக் கொடுத்திருந்தானாம். ஊருக்குள் குடிப்பழக்கம் மிகுந்த ஓர் ஆசிரியர் அந்தப் பத்திரிகைகளை விற்றுச் சாராயத்துக்குக் காசு பார்த்தார். மிஞ்சியவை கடையில் பொட்டலக் காகிதமாயின. சாமான் வாங்கி வீட்டுக்குப் போனவர்கள் பொட்டலத்தைப் பிரித்துப் படித்தார்கள். சபையின் போதகர் ஒருவர்கூடக் கால் வைப்பதற்கு முன்பே அங்கே சனிக்கிழமையை அனுசரிக்கும் குடும்பங்கள் உருவாகிவிட்டன. 1890களின் நடுவில் பக்கத்து ஊரான கஸ்பார் ஆல்டோவில் பிரேசிலின் முதல் அட்வென்டிஸ்டு சபை அமைந்தது. இன்று அந்நாட்டில் 15 லட்சத்துக்கு மேல் அங்கத்தினர்கள். கானாவிலும் இதே வழிதான்: 1888இல் அப்பாம் என்ற கடற்கரை ஊரில் பிரான்சிஸ் டால்ஃபின் என்பவருக்குக் கப்பல் வழியாக ஒரு பிரசுரம் கிடைத்தது, அங்கே சபையின் கதை அதிலிருந்து தொடங்குகிறது.

இந்தியாவுக்கும் முதலில் வந்தவர்கள் புத்தகம் விற்றவர்கள்தாம். 1893இல் வில்லியம் லெங்கர், ஸ்ட்ரூப் என்ற இருவர் மெட்ராஸில் இறங்கி, ஆங்கிலம் படித்தவர்களிடையே நூல் விற்றார்கள். ஜார்ஜியா பரஸ் என்ற இளம்பெண் 1895 ஜனவரியில் கல்கத்தா வந்து வங்காள மொழி கற்றுக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே இருந்த பெண்களுக்குக் கல்வி கொடுக்க முற்பட்டார். 1898இல் ‘ஓரியன்டல் வாட்ச்மேன்’ என்ற பத்திரிகை கல்கத்தாவில் தொடங்கியது. அதை நடத்த வந்தவர் வில்லியம் ஸ்பைசர். அடுத்த ஆண்டே இந்திய ஊழியத்தின் தலைவர் டி.ஏ. ராபின்சனும் உடனிருந்த எஃப்.டபிள்யூ. பிரவுனும் பெரியம்மையில் இறந்துபோனார்கள். அச்சு வேலை மட்டும் நிற்கவில்லை. கர்மாடர், லக்னோ என்று மாறி, 1920களில் பூனாவில் நிலைகொண்டது. ஸ்பைசர் பின்னாளில் உலக சபைக்கே தலைவரானார். 1915இல் கோயம்புத்தூரில் தொடங்கிய பயிற்சிப் பள்ளி ஊர் ஊராக மாறிப் பூனாவில் அவர் பெயரால் கல்லூரியாக வளர்ந்தது.

தமிழ்நாட்டில் கதை வேறு மாதிரி. ராக்கி ஹில்லில் அந்தச் சிறு பத்திரிகை அச்சான அதே 1849ஆம் ஆண்டில், மெட்ராஸில் வேறொரு நூல் அச்சானது. திருநெல்வேலிச் சாணார்களை, அதாவது நாடார்களை, பற்றி மிஷனரி கால்டுவெல் எழுதிய நூல் அது. தங்கள் சமூகத்தை அது இழிவாகச் சித்திரித்ததாக நாசரேத் வட்டாரத்து நாடார் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். அவர்களில் முன்னின்றவர் சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம். மிஷனரிகளின் அதிகாரத்திலிருந்து விலகி, 1857இல் நாசரேத்துக்குப் பக்கத்துப் பிரகாசபுரத்தில் ஏகரட்சகர் சபை என்ற தனிச் சபையை அவர் நிறுவினார். ஐரோப்பியப் பழக்கங்களைத் தள்ளி, பழைய ஏற்பாட்டு முறைகளைக் கைக்கொண்ட அந்தச் சபை ஓய்வுநாளைச் சனிக்கிழமையிலேயே ஆசரித்தது. அமெரிக்காவில் இருந்த கூட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாமல், முற்றிலும் வேறொரு காயத்திலிருந்து, அவர்கள் அதே கிழமைக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று கண்டுகொண்டன. 1908இல் ஜே.எஸ். ஜேம்ஸ் என்ற அட்வென்டிஸ்டு ஊழியர் பிரகாசபுரத்தில் குடியேறினார். அவர் பெயரில் பள்ளிக்கூடம் இன்றும் அங்கே நடக்கிறது. ஒரு நூல் தமிழ்க் கிராமமொன்றைப் புண்படுத்தியதையும், அந்தப் புண்ணே அதற்குச் சொந்தமாக ஒரு சபை கொடுத்ததையும் தமிழ் அச்சு வரலாறு இன்னும் விரிவாக எழுத வேண்டும்.

இதற்கிடையே பேட்டில் கிரீக்கில் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. ரிவ்யூ அண்ட் ஹெரால்ட் அச்சகம் மிச்சிகனின் மிகப் பெரிய அச்சகங்களில் ஒன்றாகியிருந்தது. பெரிய இயந்திரங்களுக்குத் தீனி போட வெளியார் வேலைகளும் எடுத்தார்கள். சபை ஒப்புக்கொள்ளாத கருத்துகள் கொண்ட நூல்கள்கூட அங்கே அச்சாயின. எலன் ஒயிட் கடுமையாகக் கண்டித்து எழுதிக்கொண்டே இருந்தார். 1902 பிப்ரவரியில் கெல்லாக் நடத்திய புகழ்பெற்ற உடல்நல விடுதி எரிந்தது. அதைத் திரும்பக் கட்டப் பணம் திரட்ட அவர் ‘தி லிவிங் டெம்பிள்’ என்ற நூலை எழுதினார். கடவுள் இயற்கை முழுவதிலும் உறைகிறார் என்பது போன்ற அதன் கருத்துகளைச் சபைத் தலைவர்கள் ஏற்கவில்லை. கெல்லாக் தம் பொறுப்பிலேயே அதை அச்சிடச் சொன்னார். அச்சுத் தகடுகள் தயாராக இருந்த நிலையில், அதே ஆண்டு டிசம்பர் 30 இரவு அச்சகமே தீக்கிரையானது. தான் சிறுவனாக எழுத்துக் கோர்த்த நிறுவனத்திலேயே அவருடைய புத்தகத்தின் தகடுகள் உருகிப்போயின. அவர் வேறோர் அச்சகத்தில் அதை வெளியிட்டார். சில ஆண்டுகளில் சபையிலிருந்தும் நீக்கப்பட்டார். தலைமையகமும் அச்சகமும் 1903இல் வாஷிங்டன் நகருக்குப் போயின. கலிபோர்னியாவில் சபையின் இன்னோர் அச்சகமான பசிபிக் பிரஸும் 1906இல் நிலநடுக்கத்தில் அடிபட்டு, சில மாதங்களில் தீயில் எரிந்து, வெளியார் வேலைகளைக் கைவிட்டது.

இனி எண்ணிக்கை. 1863இல் 3,500. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது 75,000க்குச் சற்று மேல். பத்து லட்சத்தைத் தொட்டது 1955இல். அதற்கு 92 ஆண்டுகள் பிடித்தன. அடுத்த அறுபது ஆண்டுகளில் அது இருபது மடங்காகி, 2016 முடிவில் இரண்டு கோடியை எட்டிற்று. வளர்ச்சியின் பெரும்பகுதி ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா, ஆசியா ஆகியவற்றில்தான். சபை பிறந்த அமெரிக்காவில் இருப்பவர்கள் இன்று சிறுபான்மை. அறுபதுக்கு மேற்பட்ட பதிப்பகங்கள் நூற்றுக்கணக்கான மொழிகளில் அச்சிடுகின்றன. எலன் ஒயிட் 1892இல் எழுதிய ‘ஸ்டெப்ஸ் டு கிரைஸ்ட்’ மட்டும் 150க்கு மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. ஓய்வுநாள் பள்ளிப் பாடப் புத்தகம் காலாண்டுக்கு ஒன்று வருகிறது. பிரகாசபுரத்தில் ஒரு சனிக்கிழமை காலை படிக்கும் பாடமும் பிரேசிலில் அன்று படிக்கும் பாடமும் ஒன்றே. 1852இல் ஜேம்ஸ் ஒயிட் பயண வழியில், குதிரைக்கு ஓய்வு கொடுத்த வேளையில் சாலையோரம் உட்கார்ந்து எழுதிய பாடங்களின் தொடர்ச்சி அது.

கூட்டிய கணக்கை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். சபையின் ஆவணக் காப்பகப் பொறுப்பாளரான வரலாற்றாசிரியர் டேவிட் ட்ரிம், தலைவர்கள் கூடும் ஆண்டுக் கூட்டத்திலேயே கழித்த கணக்கையும் வைத்திருக்கிறார்: 1965 முதல் சேர்ந்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் விலகிப் போய்விட்டார்கள். பல நாடுகளில் அங்கத்தினர் ஏட்டைத் தணிக்கை செய்தபோது இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் என்று பெயர்கள் கொத்துக்கொத்தாக நீக்கப்பட்டன. வளர்ச்சியையே பெருமையாகப் பேசும் நிறுவனம் இதை ஒளிக்காமல் அச்சிடுவது மெச்சத்தக்கது. ஞானஸ்நான எண்ணிக்கையை இலக்காக வைத்து ஓடும் எந்த ஊழியத்துக்கும் இந்த எண் ஓர் எச்சரிக்கை. சவுத் லான்காஸ்டர் பெண்கள் பிரசுரத்தோடு கடிதமும் அனுப்பினார்கள், பதில் வந்தவருக்கு மறுபடியும் எழுதினார்கள். கோடிக்கணக்கில் அச்சிட்டுப் பெயர் தெரியாத வீடுகளின் தபால் பெட்டியில் போடும் இன்றைய திட்டங்களில் அந்த மறுகடிதம் இல்லை.

அப்படிப்பட்ட திட்டங்கள் வளர்ந்துகொண்டேதான் இருக்கின்றன. எலன் ஒயிட்டின் ‘தி கிரேட் கான்ட்ரவர்ஸி’ நூலையும் அதன் சுருக்கத்தையும் 2012, 2013 ஆண்டுகளில் பத்துக் கோடிக்கு மேல் வழங்கினார்கள். 2023, 2024க்கு வைத்த இலக்கு நூறு கோடி. இதில் மின்பிரதிகளும் சேரும். அதே வேளையில், துணிப்பையில் தொடங்கிய பரம்பரையின் மூத்த அச்சகமான ரிவ்யூ அண்ட் ஹெரால்ட், 1983 முதல் மேரிலாந்தின் ஹேகர்ஸ்டவுனில் இயங்கிவந்து, 2014இல் அச்சு வேலையை நிறுத்திற்று. அதன் வேலைகள் ஐடஹோ மாநிலத்துக்கு மாறியிருந்த பசிபிக் பிரஸிடம் ஒப்படைக்கப்பட்டன. பல பத்தாண்டுகள் அங்கே மையோடும் தாளோடும் வாழ்ந்த தொழிலாளர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள். 1850இல் மெய்ன் மாநிலத்தின் பாரிஸ் என்ற சிற்றூரில் தொடங்கிய ‘ரிவ்யூ’ பத்திரிகை, ‘அட்வென்டிஸ்ட் ரிவ்யூ’ என்ற பெயரில் தொடர்ந்து வருகிறது.